ரத்தப் புற்றும் ரத்தத்தின் உப்புகளும்

(மரக்காணத்தில் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களும் செவிலியர்களும் ஆசிரியர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ரத்தநோய் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



ரத்தப் புற்றுநோயைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். அது ஏன் வருகிறது, எத்தனை வகை, எதற்கு என்ன மருந்து என்பதையெல்லாம் நோய் வந்தவருக்கு மருத்துவமனையிலேயே சொல்லிவிடுவார்கள். நான் பேச வந்தது அதற்குப் பிறகு நடப்பதை. நோயைக் கண்டுபிடித்தாயிற்று, மருந்து ஏற்றத் தொடங்கியாயிற்று, வீட்டில் எல்லாரும் கொஞ்சம் மூச்சுவிடுகிறார்கள். அந்த நேரத்தில் வந்து நிற்கிற சில ஆபத்துகள் உண்டு. புத்தகங்களில் அவற்றை அரிய சிக்கல்கள் என்று எழுதியிருக்கும். அரியவை என்பதாலேயே அவற்றை யாரும் வீட்டுக்காரர்களிடம் விளக்கமாகச் சொல்வதில்லை. வரும்போது அவை அன்றாடத் தொந்தரவின் முகத்தோடு வருகின்றன: தாகம், மலச்சிக்கல், கை கால் அசதி, தலைவலி. ஆதலால் ஒரு பகலும் ஓர் இரவும் வீணாகப் போய்விடுகின்றன. உயிர் போவது பல நேரம் அந்த ஒரு பகல், ஓர் இரவில்தான்.

எல்லாரும் அறிந்த ஒன்றை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். கீமோ எடுத்துக்கொண்டிருப்பவருக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் வந்தால் மாத்திரை போட்டுவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அந்த நிமிடமே கிளம்ப வேண்டும். கருப்புப் பூஞ்சை, மண்ணிலிருந்து வரும் கிருமிகள், குடல் புழுக்கள் இவையெல்லாம் தனியே பேச வேண்டியவை. இன்று நான் எடுத்துக்கொண்டது ரத்தத்தில் கரைந்திருக்கும் உப்புகளை மட்டும்.

சோடியம், பொட்டாசியம், கால்சியம், பாஸ்பரஸ். இந்த நான்கோடு யூரிக் அமிலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "உப்பு ஏறியிருக்கு" என்று ஆஸ்பத்திரியில் சொன்னால் பெரும்பாலும் கிரியாட்டினின் என்ற கழிவைச் சொல்வார்கள். அது சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுகிற அளவு. நான் சொல்பவை வேறு. ரத்தத்தில் பொட்டாசியம் 3.5-க்கும் 5-க்கும் நடுவில் இருந்தாக வேண்டும். சோடியம் 135-க்கும் 145-க்கும் நடுவில். கால்சியம் சுமார் 8.5-இலிருந்து 10.5 வரை. இந்த வரம்புகளுக்கு உள்ளேதான் இதயம் துடிக்கிறது, மூளை விழித்திருக்கிறது. ரத்தப் புற்றும் அதன் மருந்துகளும் இந்தக் கணக்கைப் பல வழிகளில் குலைத்துவிடுகின்றன.

முதலில் சொல்ல வேண்டியது மருந்து நன்றாக வேலை செய்வதால் வருகிற ஆபத்து. புற்று அணுக்கள் கோடிக்கணக்கில் ஒரே நேரத்தில் உடைந்து, உள்ளே இருந்ததெல்லாம் ரத்தத்தில் கொட்டுவது. ஆங்கில மருத்துவத்தில் ட்யூமர் லைசிஸ் என்று பெயர். 1929-லேயே செக் நாட்டு மருத்துவர்கள் பெட்ர்னா, போல்சாக் இருவரும் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். பர்கிட் லிம்ஃபோமா, குழந்தைகளுக்கு வரும் லிம்ஃபோபிளாஸ்டிக் லுக்கீமியா போன்ற வேகமான புற்றுகளில் மருத்துவர்கள் இதை எதிர்பார்த்தே இருப்பார்கள். மெதுவான வகைகளில் இது அரிது. யாரும் எதிர்பாராமல் வருவதால் அங்கேதான் கை நழுவிப்போகிறது.

ஓர் அணுவுக்கு உள்ளே இருக்கும் பொட்டாசியம் வெளியே ரத்தத்தில் இருப்பதைப்போல் முப்பது மடங்குக்கும் மேல். அணு உடைந்தால் அது வெளியே வருகிறது. இதயத்தின் தாளம் தடுமாறுகிறது. பாஸ்பரஸும் வெளியே வருகிறது. அது ரத்தத்திலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் கால்சியம் இறங்கி, விரல்கள் இழுத்துக்கொள்கின்றன, உதட்டைச் சுற்றி மதமதப்பு வருகிறது, வலிப்பும் வரலாம். உடைந்த அணுக்களின் மரபணுப் பொருள் யூரிக் அமிலமாக மாறுகிறது. இந்த யூரிக் அமிலம் சிறுநீரகத்தில் என்ன செய்கிறது என்பதை உங்களுக்கு விளக்குவது எனக்கு எளிது.

கடல்நீர் உங்கள் பாத்திக்குள் மூன்றரை டிகிரி உப்படர்த்தியில் வருகிறது. வெயிலில் ஒவ்வொரு பாத்தியாக மாறிமாறி ஏறி, 13 டிகிரியைத் தாண்டும்போது ஜிப்சம் அடியில் படியத் தொடங்குகிறது. 25-இல் உப்பு விழுகிறது. 29, 30 ஆகிவிட்டால் மிச்சமிருக்கிற கசப்புத் தண்ணீரை வெளியேற்றிவிடுகிறீர்கள். ஒவ்வொன்றும் ஓர் எல்லைவரைதான் கரைந்து நிற்கும். எல்லை கடந்தால் படியும். சிறுநீரகத்தின் நுண்குழாய்களிலும் இதே வேதியியல்தான். சிறுநீர் கெட்டியாகக் கெட்டியாக யூரிக் அமிலம் படிகமாக விழுந்து குழாயை அடைக்கிறது. கால்சியமும் பாஸ்பரஸும் சேர்ந்து இன்னொரு படிகமாக அதன்மேல் விழுகின்றன. மழை பெய்தால் பாத்தி உப்பு கரைந்துபோகிறதே, அந்த வேலையைத்தான் மருத்துவமனையில் குளுக்கோஸ், சலைன் பாட்டில்களைக் கொண்டு செய்கிறார்கள். கீமோ தொடங்குவதற்கு முந்தைய நாளே பாட்டில் ஏற்றத் தொடங்குவதற்குக் காரணம் இதுதான். "இன்னும் மருந்தே ஆரம்பிக்கலையே, எதுக்கு சும்மா தண்ணி ஏத்துறாங்க" என்று கேட்டு வீட்டுக்கு அழைத்துப் போய்விடுகிறவர்கள் உண்டு. அந்தத் தண்ணீர்தான் அன்றைய மருந்து.

இதற்கான மாத்திரை அலோபியூரினால். அதன் கதை எனக்குப் பிடித்தமானது. கெர்ட்ரூட் எலியன் என்ற அமெரிக்க வேதியியலாளர் லுக்கீமியாவுக்கு 6-மெர்காப்டோப்யூரின் மருந்தை உருவாக்கியவர். அந்த மருந்தை உடம்பு சீக்கிரமே சிதைத்துவிடுகிறதே, அதைத் தடுக்க முடியுமா என்று பார்க்கப்போய்ச் சோதிக்கப்பட்டதுதான் அலோபியூரினால். யூரிக் அமிலத்தை அது இறக்குகிறது என்பது அப்போது தெரியவந்தது. 1988-இல் எலியனுக்கும் அவரோடு பணியாற்றிய ஜார்ஜ் ஹிட்சிங்ஸுக்கும் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. இந்தக் கதையில் உங்களுக்கு ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. லுக்கீமியாக் குழந்தை வீட்டிலிருந்து தினமும் சாப்பிடுகிற மாத்திரை 6-மெர்காப்டோப்யூரின். அதோடு யாராவது அலோபியூரினாலைச் சேர்த்துக் கொடுத்தால் முதல் மருந்து சிதையாமல் உடம்பில் தேங்கி, எலும்பு மஜ்ஜையை அடியோடு அமுக்கிவிடும். இரண்டும் சேர வேண்டியிருந்தால் முதல் மருந்தின் அளவை மூன்றிலோ நான்கிலோ ஒரு பங்காகக் குறைத்தாக வேண்டும். மூட்டுவலி மாத்திரைதானே என்று கடையில் கேட்டு வாங்கிவிடாதீர்கள்.

யூரிக் அமிலம் கட்டுக்கடங்காமல் ஏறிவிட்டால் ராஸ்பூரிகேஸ் என்ற ஊசி இருக்கிறது. சில மணி நேரத்தில் இறக்கிவிடும். ஆனால் ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு அதைப் போட்டால் சிவப்பணுக்கள் உடைந்து, நீலம் பாரித்து, உயிருக்கே ஆபத்தாகும். இந்தக் குறைபாடு தமிழ்நாட்டிலும் உண்டு, பெரும்பாலும் ஆண்களிடம். எந்த மாத்திரைக்காவது உங்கள் வீட்டில் யாருக்கேனும் சிறுநீர் கறுப்பாகப் போய், மஞ்சள் காமாலை வந்து, ரத்தம் குறைந்தது உண்டா? உண்டென்றால் கேட்காமலேயே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இப்போது இளநீர். கீமோ சூடு, அதைத் தணிக்க இளநீர் கொடுக்க வேண்டும் என்று எல்லா வீட்டிலும் நம்புகிறோம். அன்போடுதான் வாங்கி வருகிறோம். ஒரு காயின் தண்ணீரில் அரை கிராம் பொட்டாசியம் இருக்கக்கூடும். அணுக்கள் உடைந்து பொட்டாசியம் ஏறிக்கொண்டிருக்கும் அந்த முதல் வாரத்தில், சிறுநீரும் குறைந்திருக்கும்போது, இரண்டு மூன்று இளநீர் என்பது ஆபத்தான அளவு. வாழைப்பழமும் பழச்சாறும் அப்படியே. முதல் வாரம் எது கொடுத்தாலும் செவிலியரைக் கேட்டுக் கொடுங்கள்.

இன்னொன்றையும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். நோய் என்னவென்று தெரியாத நிலையிலேயே இந்த அணு உடைவு நடக்கலாம். கழுத்தில் கட்டி, உடம்பு வலி, காய்ச்சல் என்று ஒருவர் போகிறார். ஒரு செட் மாத்திரை கொடுக்கிறார்கள். அதில் ஒன்று டெக்சாமெதசோன். அது ஸ்டீராய்டு. லிம்ஃபோமாவுக்கும் லிம்ஃபோபிளாஸ்டிக் லுக்கீமியாவுக்கும் அது மருந்தாகவே வேலை செய்கிற பொருள். கட்டி ஒரே நாளில் கரைகிறது, எல்லாருக்கும் மகிழ்ச்சி. மறுநாள் சிறுநீர் இறங்குவதில்லை. ஒரே ஒரு வேளை ஸ்டீராய்டுக்குப் பிறகு ட்யூமர் லைசிஸ் வந்ததை மருத்துவ இதழ்கள் பலமுறை பதிவு செய்திருக்கின்றன. அதோடு போவதில்லை. கட்டி சுருங்கிவிட்டதால் சதைத்துண்டு எடுத்துப் பார்த்தாலும் நோயின் வகை பிடிபடாமல் போகும். கட்டி இருப்பவருக்குப் பெயர் தெரியாத மாத்திரை வேண்டவே வேண்டாம்.

அடுத்து மல்டிபிள் மைலோமா. இந்த ஊருக்கு நான் வந்ததே இதைச் சொல்லத்தான் என்றுகூட வைத்துக்கொள்ளலாம்.

இது எலும்பு மஜ்ஜையில் வருகிற புற்று. பெரும்பாலும் ஐம்பது வயதுக்கு மேல். முதல் அறிகுறி முதுகுவலி. உப்பளத்தில் குனிந்து வாரி, கூடை சுமந்தவர்களில் முதுகுவலி இல்லாதவர் யார்? அதனால் அதை யாரும் நோயாக எண்ணுவதில்லை. எலும்பு அரிக்கப்படும்போது அதிலுள்ள கால்சியம் ரத்தத்தில் சேர்கிறது. அப்போது தாகம் எடுக்கும், சிறுநீர் நிறையப் போகும், மலச்சிக்கல் வரும், அசதியும் தூக்கமும் வரும். ஏப்ரல், மே வெயிலில் அளத்தில் நிற்பவருக்குத் தாகமும் அசதியும் வந்தால் வெயில் என்றுதான் நினைப்போம். கால்சியம் 14-ஐத் தாண்டினால் மனம் குழம்பி, பேச்சு மாறி, மயக்கத்தில் போய் முடியும்.

எலும்பு வலிக்கிறது என்றால் நாம் முதலில் வாங்குவது கால்சியம் மாத்திரை, கூடவே வைட்டமின் டி. சங்கு பற்பம், முத்துச்சிப்பி பற்பம் போன்ற சித்த மருந்துகளும் கால்சியத்தால் ஆனவையே. அவற்றுக்கு உரிய இடம் உண்டு, ஆனால் ரத்தத்தில் ஏற்கெனவே கால்சியம் மிகுந்தவருக்கு அந்த இடம் இல்லை. ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் தயசைடு வகை மாத்திரையும் கால்சியத்தை ஏற்றும். கடைசியாக டைக்ளோஃபெனாக் ஊசி. மைலோமாவில் ஒரு புரதத்தின் துண்டுகள் வெள்ளமாகச் சிறுநீரகத்துக்குள் இறங்கி, குழாய்களில் கட்டிகட்டியாக அடைந்து நிற்கும். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது வலி ஊசியும் சேர்ந்தால் அந்த அடைப்பு சில நாட்களில் சிறுநீரகத்தை நிறுத்திவிடும்.

அந்தப் புரதம் முதலில் கண்ணில் பட்டது 1845-இல் லண்டனில், ஒரு மளிகை வியாபாரியின் சிறுநீரில். ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்ற மருத்துவர் அதை ஆராய்ந்து எழுதினார். இன்றும் அது அவர் பெயரில்தான் வழங்குகிறது. அது கண்டுபிடிக்கப்பட்டு இவ்வளவு காலம் ஆன பிறகும், சாதாரணமாகச் சிறுநீரில் முக்கிப் பார்க்கிற பட்டை அதைக் காட்டாது. பட்டை காட்டுவது அல்புமினை. எனவே "யூரின் டெஸ்ட் நார்மல்" என்ற சீட்டை நம்பி இருந்துவிட முடியாது. ஐம்பது வயது கடந்தவருக்கு, படுத்தாலும் ஓயாத முதுகுவலியோடு ரத்தசோகையும் இருந்தால், கிரியாட்டினின், கால்சியம், ரத்தத்தின் மொத்தப் புரதம் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். புரதம் அளவுக்கு மேல் இருந்தால் எலக்ட்ரோஃபோரெசிஸ் என்ற சோதனை மைலோமாவைப் பிடித்துக் கொடுக்கும்.

உப்பளத்தில் உழைப்பவர்களுக்கு இது ஏன் இருமடங்கு முக்கியம் என்றால், உங்கள் சிறுநீரகங்கள் ஏற்கெனவே பாடுபடுகின்றன. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டு உப்பளங்களில் வெப்பத்தையும் தொழிலாளர்களின் சிறுநீரக நிலையையும் அளந்து 2023-இல் வெளியிட்டிருக்கிறார்கள். பெரும்பாலானவர்கள் பாதுகாப்பான அளவை மீறிய வெப்பத்தில் உழைக்கிறார்கள். ஒரு பகுதியினருக்குச் சிறுநீரகத்தின் திறன் குறைந்திருக்கிறது. மறைவிடம் இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். அளத்துக்குப் பக்கத்தில் ஒரு கழிப்பறையும் நிழலும் குடிநீரும் வேண்டும் என்பதை நான் ஒரு ரத்தநோய் மருத்துவனாகவே கேட்கிறேன். கீமோ தொடங்கும் முன் மருத்துவர் தொழில் என்ன என்று கேட்டால் "கூலி" என்று சொல்லி நிறுத்தாதீர்கள். உப்பளம் என்று சொல்லுங்கள். எத்தனை ஆண்டு, எவ்வளவு வலி மாத்திரை சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

இதுவரை சொன்னவற்றில் பொட்டாசியமும் கால்சியமும் ஏறுவதைப் பார்த்தோம். இறங்கினாலும் ஆபத்துதான். நம் வெள்ளைப் பாஷாணம் இருக்கிறதே, ஆர்சனிக் ட்ரையாக்சைடு, அதை ஏபிஎல் என்ற வகை லுக்கீமியாவுக்கு நரம்பு வழியே ஏற்றுகிறோம். சீனாவில் தொடங்கிய இந்தச் சிகிச்சையை வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் 1998 முதல், வேறு கீமோ மருந்து ஏதும் இல்லாமல் இதை மட்டுமே முதன்மையாக வைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். விக்ரம் மேத்யூஸும் மேமன் சாண்டியும் அவர்களுடைய குழுவினரும் 72 நோயாளிகளின் விவரத்தை 2006-இல் வெளியிட்டார்கள். 86 சதவீதம் பேருக்கு நோய் முழுமையாக அடங்கியது. விலை குறைந்த மருந்தில் ஏழைகள் பிழைக்க முடியும் என்பதை நம் வேலூரிலிருந்து உலகத்துக்குக் காட்டிய வேலை அது. அதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

இந்த மருந்து ஏறும்போது பொட்டாசியம் 4-க்குக் கீழே போகக் கூடாது. மக்னீசியமும் குறையக் கூடாது. குறைந்தால் இதயத்தின் மின்னோட்டம் நீண்டு, தாளம் தப்பி, ஒருவர் உட்கார்ந்தபடியே சரிந்துவிடலாம். இரண்டு நாள் வயிற்றுப்போக்கு போதும், பொட்டாசியம் இறங்கிவிட. பூஞ்சைக்குப் போடும் ஆம்ஃபோடெரிசின் ஊசியும் பொட்டாசியத்தை வெளியேற்றும். பக்கத்துக் கட்டில்காரருக்கு இளநீர் கூடாது என்றார்கள், உங்களுக்கோ பொட்டாசியம் சிரப் கொடுக்கிறார்கள் என்றால் அதில் முரண்பாடு ஏதும் இல்லை. பக்கத்துக் கட்டிலின் அறிவுரையை வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள்.

சோடியத்துக்கு வருவோம். இந்தக் கரையோர மணலில் நித்தியகல்யாணி தானாகவே முளைத்துப் பூத்துக் கிடக்கிறது. அந்தச் செடியிலிருந்து எடுக்கப்படுவதுதான் வின்கிரிஸ்டின். அறுபதுகளில் பயன்பாட்டுக்கு வந்து இன்றுவரை குழந்தைகளின் லுக்கீமியாவுக்கும் லிம்ஃபோமாவுக்கும் தவிர்க்க முடியாத மருந்தாக இருக்கிறது. அரிதாகச் சிலருக்கு அது மூளையிலிருந்து ஒரு ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரக்கவைக்கும். அதனால் சிறுநீரகம் தண்ணீரை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும். ரத்தம் நீர்த்துப்போய் சோடியம் இறங்கும். முதலில் தலைவலி, வாந்தி, பிறகு குழப்பம், பிறகு வலிப்பு. இட்ராகோனசோல், வோரிகோனசோல் போன்ற பூஞ்சை மாத்திரைகள் கூடவே இருந்தால் இந்த ஆபத்து மிகும். படர்தாமரைக்கென்று கடையில் இட்ராகோனசோல் எளிதாகக் கிடைக்கிறது. வின்கிரிஸ்டின் ஏறுகிற குழந்தைக்கு அதைக் கொடுத்துவிட்டால் ஆபத்தை நாமே விலைக்கு வாங்கிவந்ததாகிவிடும்.

இங்கே தண்ணீர் எதிரியாகிறது. முன்பு சொன்ன ட்யூமர் லைசிஸில் தண்ணீர் காப்பாற்றியது. இங்கே கூடுதல் தண்ணீர் வலிப்பில் கொண்டுபோய் விடும். உப்பைக் கரைத்துக் குடித்தால் சரியாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள். சோடியத்தை ஏற்றுவதிலும் நிதானம் வேண்டும்; ஒரு நாளில் எட்டு முதல் பத்துப் புள்ளிக்கு மேல் ஏற்றினால் மூளையின் தண்டுப் பகுதி நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். மணிக்கணக்கு வைத்து, திரும்பத் திரும்ப ரத்தம் எடுத்துப் பார்த்துச் செய்கிற வேலை அது.

இங்கு வந்திருக்கும் ஆய்வகப் பணியாளர்களுக்கும் செவிலியர்களுக்கும் ஒரு விஷயம். சோதனைக் குழாயும் சில நேரம் பொய் சொல்லும். வெள்ளணுக்கள் லட்சக்கணக்கில் ஏறியிருக்கும் லுக்கீமியாவில், எடுத்த ரத்தம் குழாய்க்குள் இருக்கும்போதே அணுக்கள் உடைந்து பொட்டாசியத்தைக் கொட்டும். சீட்டில் 7 என்று வரும். நோயாளியோ எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருப்பார், ஈசிஜியிலும் மாற்றம் இருக்காது. அதை நம்பி பொட்டாசியத்தை இறக்கினால் உண்மையான அளவு பாதாளத்துக்குப் போய்விடும். குலுக்காமல், காத்திருக்க வைக்காமல், கையோடு எடுத்துச் சென்று உடனே பார்க்க வேண்டும். மைலோமாவில் புரதம் மிகுந்திருப்பதால் சில கருவிகள் சோடியத்தைக் குறைத்துக் காட்டும். ராஸ்பூரிகேஸ் போட்ட பிறகு எடுத்த ரத்தத்தைப் பனிக்கட்டியில் வைக்காவிட்டால், அந்த நொதி குழாய்க்குள்ளும் வேலை செய்து யூரிக் அமிலத்தை இல்லாதபடி காட்டிவிடும்.

கடைசியாக, இங்கிருந்து புதுச்சேரி ஜிப்மர் சுமார் 35 கிலோமீட்டர். கிழக்குக் கடற்கரைச் சாலை நன்றாக இருக்கும் நாளில் ஒரு மணி நேரத்துக்குள் போகலாம். 2020 நவம்பரில் நிவர், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் போன்ற புயல் நாட்களில் அப்படிப் போக முடியாது. ஆகவே உங்கள் பகுதி அரசு மருத்துவமனையின் முதல் பத்து நிமிடத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

ரத்தப் புற்றுக்குச் சிகிச்சையில் இருப்பவர் கை கால் துவண்டு, நெஞ்சு படபடத்து, சிறுநீர் குறைந்து வந்தால், ரத்த முடிவுக்குக் காத்திராமல் முதலில் ஈசிஜி எடுங்கள். டி அலைகள் கூராக உயர்ந்து, கியூஆர்எஸ் அகன்று தெரிந்தால் பொட்டாசியம் இதயத்தைத் தொட்டுவிட்டது என்று பொருள். பத்து சதவீத கால்சியம் குளுக்கோனேட், பத்து மில்லி, நரம்பில் மெதுவாக ஏற்றுங்கள். பாஸ்பரஸ் மிகுந்திருக்கும் ட்யூமர் லைசிஸில் வெறும் சீட்டின் எண்ணுக்காகக் கால்சியம் கொடுக்கக் கூடாது. ஈசிஜி மாறியிருந்தால் தயங்கவும் கூடாது. மிகக் குறைந்த விலை மருந்து அது. ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் ஈசிஜி பாருங்கள்; அலை அடங்கவில்லை என்றால் இன்னொரு முறை ஏற்றுங்கள். சால்பூட்டமால் நெபுலைசர் வையுங்கள், குளுக்கோஸோடு இன்சுலின் கொடுங்கள். கால்சியத்தின் காப்பு அரை மணி முதல் ஒரு மணி நேரம்தான் நிற்கும். 108 வண்டியில் ஏற்றும்போது இன்னும் இரண்டு ஆம்பூல் கால்சியத்தையும், எடுத்த ஈசிஜி தாள்களையும், ஊசி போட்ட நேரத்தை எழுதிய சீட்டையும் கூட வருகிற செவிலியர் கையில் கொடுத்தனுப்புங்கள்.